நெட்டலை வானொலி ஏன் மூடப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே, லக்ஸம்பர்க், அயர்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து. 2014இல் தொடங்கிப் பத்துப் பதினோரு ஆண்டுகளுக்குள் இத்தனை நாடுகள் நெட்டலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டன. பிரிட்டனும் அதே வழியில் போகிறது. ரேடியோ பற்றிப் பேச்சு வந்தாலே என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நெட்டலை என்றால் என்ன? நம் ஊர் ரேடியோவில் அது வந்ததா?

சிற்றலை, மத்திய அலை, பண்பலை மூன்றும் நமக்குப் பழக்கமானவை. மத்திய அலைக்கும் கீழே, 148.5 முதல் 283.5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள சிறிய பகுதிதான் நெட்டலை ஒலிபரப்புக்கு உரியது. லாங் வேவ் என்பார்கள். ரேடியோ பெட்டியில் எல்.டபிள்யூ. என்று போட்டிருக்கும். ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பிபிசி ரேடியோ 4 வந்த 198 கிலோஹெர்ட்ஸில் அது 1,514 மீட்டர்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நெட்டலையில் வானொலி நிலையம் இருந்ததில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அலைவரிசைகளைப் பங்கு பிரிப்பதற்காக உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, முன்னாள் சோவியத் நாடுகள், மங்கோலியா எல்லாம் முதல் மண்டலம். நெட்டலையில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். நம் பக்கத்தில் அந்த இடத்தின் பெரும்பகுதியை விமானங்களுக்கு வழிகாட்டும் பீக்கன்கள் எடுத்துக்கொண்டன. அதனால்தான் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட்டில் எல்.டபிள்யூ. பட்டனை அழுத்தினால் இரைச்சல் மட்டும் கேட்கும். செட் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

சரி, அப்படி என்ன விசேஷம் அதில்?

தரையோடு ஒட்டிப் போவதுதான் அதன் விசேஷம். பண்பலை கண்ணுக்கெட்டும் தூரத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் அதிகம்; மலை குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பும். அதனால் பகலுக்கும் இரவுக்கும், மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். நெட்டலையோ பூமியின் வளைவையே பின்பற்றி, மேடு பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு போகும். தரை அதை மெதுவாகத்தான் உறிஞ்சும், கடல் இன்னும் குறைவாக. பகலிலேயே பல நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே சீராகக் கேட்கும். இரவில் அதற்கும் அப்பால் போகும்.

ஒரு நாடு முழுவதற்கும் ஒரே டிரான்ஸ்மிட்டர் போதும் என்ற நிலையை வேறு எந்த ஒலிபரப்பும் இவ்வளவு எளிதாகத் தந்ததில்லை. 1925இல் டாவென்ட்ரியில் பிபிசி நெட்டலை நிலையத்தைத் திறந்தபோது நோக்கமே அதுதான். உள்ளூர் நிலையம் எட்டாத கிராமத்துக்காரர்களுக்கும் கேட்க வேண்டும். 1934இல் அந்த வேலை டிராய்ட்விச்சுக்கு மாறியது. அங்கே 213 மீட்டர் உயரமுள்ள இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஆண்டெனாக் கம்பியைத் தொங்கவிட்டார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் அந்த ஒரே இடத்திலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ், சுற்றியுள்ள கடல், அதைத் தாண்டி ஐரோப்பாவின் மேற்குக் கரை வரைக்கும் குரல் போனது. ஸ்காட்லாந்துக்கு மட்டும் வெஸ்டர்க்ளென், பர்க்ஹெட் என்று இரண்டு சிறிய துணை நிலையங்கள்.

ஒலித்தரம் சுமார்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடம்தான் என்பதால் வயலினின் மேல்ஸ்வரங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். செய்திக்கும் பேச்சுக்கும் அது போதும்.

கோபுரங்கள் அவ்வளவு உயரம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆண்டெனா சரியாக வேலை செய்ய அலைநீளத்தில் கால்வாசியோ பாதியோ உயரம் இருந்தால் நல்லது. அலையே ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம் என்றால் பாதி எவ்வளவு உயரம் ஆகும் என்று பாருங்கள். பெரும்பாலான நாடுகள் அதைவிடக் குறைந்த உயரத்தோடு திருப்தி அடைந்தன. போலந்து மட்டும் முழுதாகக் கட்டிப் பார்த்துவிட்டது.

வார்சாவுக்கு மேற்கே கான்ஸ்டான்டினோவ் என்ற ஊரில் 1974இல் எழுந்த அந்தக் கோபுரத்தின் உயரம் 646 மீட்டர். அப்போது மனிதன் கட்டியவற்றில் அதுதான் உலகிலேயே உயரமானது. ஈஃபிள் கோபுரத்தின் மேல் இன்னொரு ஈஃபிள் கோபுரத்தை வைத்தாலும் அதன் உச்சியைத் தொட முடியாது என்றே தோன்றும். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய சமம். கோபுரமே ஆண்டெனா. அதாவது இரும்புச் சட்டம் முழுவதிலும் மின்சாரம் பாயும். அடியில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும் அதைக் கீழே சாயாமல் பிடித்திருந்தவை நாலாபக்கமும் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிவடங்கள். 2,000 கிலோவாட் சக்தியில் ஐரோப்பா முழுவதும், வடக்கு ஆப்பிரிக்கா வரையிலும் வார்சாவின் குரல் கேட்டது.

1991 ஆகஸ்ட் 8 அன்று, தேய்ந்துபோன கம்பிவடங்களை மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கையில் கோபுரம் மடங்கி விழுந்தது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. உலக உயரப் பட்டியலில் அந்த அளவை மறுபடி தாண்ட துபாயின் புர்ஜ் கலீஃபா வர வேண்டியிருந்தது. அதே இடத்தில் திரும்பக் கட்ட அரசு விரும்பியது. சுற்றுவட்டார மக்கள் வேண்டாம் என்று எதிர்த்தார்கள். கடைசியில் சோலெட்ஸ் குயாவ்ஸ்கி என்ற ஊரில் 330, 289 மீட்டர் உயரத்தில் இரண்டு கோபுரங்கள் கட்டி 1999இல் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். போலந்து வானொலியின் முதல் அலைவரிசை 225 கிலோஹெர்ட்ஸில் வருவது அங்கிருந்துதான்.

அவ்வளவு பயனுள்ளதாக இருந்தால் ஏன் மூடுகிறார்கள்?

முதல் காரணம் கரண்ட் பில். டிராய்ட்விச் டிரான்ஸ்மிட்டரின் சக்தி 500 கிலோவாட். ஆண்டெனாவில் வெளியே போகும் சக்தியை மட்டும் கணக்கிட்டாலே ஒரு மணி நேரத்துக்கு 500 யூனிட், ஒரு நாளைக்கு 12,000 யூனிட். நம் ஊர் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 100 யூனிட் இலவசம் தருகிறார்களே, அப்படி ஐந்து வீடுகளின் இரண்டு மாத இலவச மின்சாரம் அங்கே ஒரு மணி நேரத்தில் காலி. டிரான்ஸ்மிட்டர் உள்ளே இழுப்பது இதைவிட அதிகம். பிரான்ஸில் அலூயி நிலையத்திலிருந்து நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் யூரோ ஆவதாக வானொலி நிர்வாகமே சொன்னது.

இன்னும் வருத்தம் தருவது என்னவென்றால், பழைய ஏ.எம். முறையில் அந்தச் சக்தியின் பெரும்பகுதி கேரியர் எனப்படும் வெறும் அலைக்கே போகிறது. குரல் உச்சத்தில் இருக்கும்போதுகூட மூன்றில் இரண்டு பங்கு கேரியருக்குத்தான். அறிவிப்பாளர் மூச்சு வாங்க நிறுத்தும் அந்த நொடியிலும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, சாமான்கள் கிடைப்பதில்லை. டிராய்ட்விச்சில் பயன்படுத்திய பெரிய வால்வுகளுக்கு மாற்று கிடைப்பது அரிதாகிவிட்டது என்று 2011லேயே பிரிட்டிஷ் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இவற்றைப் பராமரிக்கத் தெரிந்த பொறியாளர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். புதிய கார்களிலும் ரேடியோக்களிலும் எல்.டபிள்யூ. வருவதில்லை. வீட்டுக்குள்ளோ எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வர்ட்டர் எல்லாம் சேர்ந்து துப்பும் மின்னிரைச்சல் சரியாக இந்த அலைவரிசையில்தான் வந்து விழுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் தெளிவாகக் கேட்ட அதே மூலையில் இன்று கேட்காது. அதற்குப் பழி நிலையத்தின் மேல் விழுந்து, இன்னும் கொஞ்சம் பேர் விலகிப் போவார்கள்.

எந்த நாடு எப்போது மூடியது?

பெரிய அளவில் தொடங்கிவைத்தது ரஷ்யா. பரப்பளவைப் பார்த்தால் நெட்டலை மிகவும் தேவைப்படும் நாடு அது. ஆனாலும் 2014 ஜனவரியில் ரேடியோ ரஷ்யா தன் நெட்டலை நிலையங்களை மொத்தமாக அணைத்துவிட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் ஜெர்மனியும் நிறுத்தியது. டோனெபாக்கில் இருந்த 363 மீட்டர்க் கோபுரங்களை 2018 மார்ச்சில் வெடி வைத்துச் சாய்த்தார்கள்.

பிரெஞ்சு மொழி நிலையங்களின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. பிரான்ஸில் 1980களின் தொடக்கம் வரை தனியார் வானொலிக்கு அனுமதி கிடையாது. அதனால் தனியார்கள் எல்லைக்கு வெளியே டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு உள்ளே ஒலிபரப்பினார்கள். யூரோப் 1 நிலையத்தின் ஸ்டூடியோ பாரிஸில். டிரான்ஸ்மிட்டர் ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில், எல்லையை ஒட்டி. ஆர்.டி.எல். லக்ஸம்பர்க்கிலிருந்து வந்தது. எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாத அலை இது என்பதால்தான் இந்த ஏற்பாடே சாத்தியமானது. யூரோப் 1 நெட்டலையில் 2019இன் கடைசி இரவோடு நின்றது. மான்டே கார்லோ வானொலியான ஆர்.எம்.சி. 2020 மார்ச் இறுதியில். ஆர்.டி.எல். 2023 பிறந்ததும். சார்லாந்தின் பெருஸ் என்ற ஊரில் யூரோப் 1 டிரான்ஸ்மிட்டருக்காகக் கட்டிய கூடத்தை மட்டும் இடிக்கவில்லை. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மெல்லிய கான்கிரீட் கூரை சிப்பி போல் வளைந்து நிற்கும் அந்தக் கட்டடம் இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.

வடக்கே நார்வேயின் இங்கோய் நிலையம் 2019 டிசம்பரில் போனது. பாரென்ட்ஸ் கடலில் மீன்பிடிப்பவர்களுக்காக இருந்தது அது. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் 2023 முடிவில். ஐஸ்லாந்தில் 412 மீட்டர்க் கோபுரம் கொண்ட குஃபுஸ்கவுலார் 2024இல்.

அயர்லாந்தில் இதற்கு ஏன் அத்தனை எதிர்ப்பு?

கேட்டவர்களில் பலர் அயர்லாந்திலேயே இல்லை. அதுதான் விஷயம்.

1950களிலும் 60களிலும் பிழைப்புக்காக பிரிட்டனுக்குப் போன ஐரிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கட்டட வேலை, சாலை வேலை, மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவர்களில் பலர் திரும்பிப் போகவே இல்லை. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் சிறிய அறையில் வயதாகித் தனியாக வாழ்ந்தவர்களுக்கு ஊர்ச் செய்தி, கேலிக் கால்பந்து, ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டை விளையாட்டு இவற்றின் வர்ணனை, ஞாயிறு பூசை எல்லாம் அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யின் வானொலி வழியாகத்தான் வந்தன. 2008இல் அதன் மத்திய அலை மூடப்பட்ட பிறகு, எஞ்சியிருந்த ஒரே வழி 252 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை. மீத் மாவட்டத்தில் கிளார்க்ஸ்டவுன் என்ற இடத்திலிருந்து வந்தது. (1989 முதல் 2002 தொடக்கம் வரை அதே டிரான்ஸ்மிட்டரில் அட்லாண்டிக் 252 என்ற பாப் பாட்டு நிலையம் ஓடியது. பிரிட்டிஷ் இளைஞர்கள் அதை விழுந்து விழுந்து கேட்டார்கள்.)

2014 அக்டோபரில் மூடுவதாக ஆர்.டி.இ. அறிவித்தது. இணையத்தில் கேளுங்கள், செயற்கைக்கோள் பெட்டியில் கேளுங்கள் என்றார்கள். எண்பது வயதில் ஒரு பொத்தானைத் திருப்பி ஊர்க் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் சொல்லக்கூடிய பதிலா அது? புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்களின் அமைப்புகளும் தேவாலயங்களும் எழுப்பிய எதிர்ப்பில் நிர்வாகம் பின்வாங்கியது. ஒருமுறை தள்ளிவைத்து, அப்புறம் மறுபடியும் தள்ளிவைத்து, கடைசியில் 2023 ஏப்ரல் 14 அன்றுதான் நின்றது. அந்த ஜூலையிலேயே 248 மீட்டர்க் கோபுரத்தையும் சாய்த்துவிட்டார்கள். இடையில் கிடைத்த எட்டரை ஆண்டுகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை வருடங்கள் அத்தனை முதியவர்களின் காதில் ஊர் ஒலித்தது. மூடியே தீர வேண்டும் என்றாலும் இப்படி இழுத்துப் பிடித்து, ஆட்களுக்கு நேரம் கொடுத்து மூடுவதுதான் மரியாதை.

பிரிட்டனில் மின்சார மீட்டருக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. டிராய்ட்விச்சின் 198 கிலோஹெர்ட்ஸ் அலையில் குரலோடு கூட, காதுக்குக் கேட்காத ஒரு ரகசிய வேலையும் நடந்தது. கேரியர் அலை ஏறி இறங்கும் தருணத்தை (ஃபேஸ் என்பார்கள்) மிக லேசாக முன்னும் பின்னும் அசைத்து, அதில் கட்டளைகளை அனுப்பினார்கள். ரேடியோ டெலிஸ்விட்ச் என்று பெயர். இரவில் மின்சாரம் மலிவு என்பதால், அந்த நேரத்தில் செங்கல் அடைத்த ஹீட்டரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகலில் அந்த வெப்பத்தை விடும் வீடுகள் அங்கே ஏராளம். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பெட்டி 198ஐக் கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டளை வந்ததும் ஹீட்டருக்கும் சுடுதண்ணீர்த் தொட்டிக்கும் ஸ்விட்ச் போடும். மலிவுக் கட்டணம் தொடங்கும். வீட்டுக்காரர் ரேடியோவையே தொடாதவராக இருக்கலாம். அவர் வீட்டு மீட்டர் இரவு பகலாக பிபிசி கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த மீட்டர்களுக்காகத்தான் நிலையத்தின் ஆயுளே நீண்டது. பிபிசி 2022 மே மாதமே நெட்டலையை விட்டு வெளியேறப் போவதை அறிவித்துவிட்டது. ஆனால் டெலிஸ்விட்ச் நின்றால் ஹீட்டர் எரிந்தபடியே இருக்கலாம், அல்லது குளிர்காலத்தில் எரியாமலே போகலாம். மீட்டரை மாற்றும் வேலையோ ஆமை வேகத்தில் நடந்தது. கெடு தள்ளிப்போய், 2025 ஜூன் 30 முதல் பகுதி பகுதியாக அணைக்கத் தொடங்கினார்கள். மீட்டர்களும் விலகிய பிறகு 198க்குப் பரிந்து பேச வலுவான ஆள் யாரும் இல்லை.

கிரிக்கெட் ரசிகர்கள் அதை ஏன் அவ்வளவு நேசித்தார்கள்?

ரேடியோ 4 பண்பலையில் வழக்கமான நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்க, நெட்டலையில் மட்டும் தனியாக டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல் வர்ணனை நாள் முழுக்க ஓடும். வயலில் டிராக்டர் ஓட்டுபவர், பிரான்ஸ் பக்கம் விடுமுறைக்குப் போனவர், படகில் இருப்பவர் எல்லோருக்கும் கேட்கும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் சரியாக 12.01க்கும் மாலை 5.54க்கும் வர்ணனையை நிறுத்திவிட்டுக் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிப்பார்கள். வைகிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று கடற்பகுதிகளின் பெயர்கள் மந்திரம் போல வரிசையாக வரும். கடலில் இருப்பவனுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட சமாசாரம் என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நெட்டலையில் வர்ணனை கடைசியாக வந்தது 2023 ஜூலை 31, ஓவல் மைதானத்து ஆஷஸ் டெஸ்ட்டின் இறுதி நாள். ஆஸ்திரேலியாவின் கடைசி விக்கெட்டை ஸ்டூவர்ட் பிராட் எடுத்தார். அவருக்கும் அதுவே கடைசி ஆட்டம். 2024 ஏப்ரலில் நெட்டலைக்கான தனி நிகழ்ச்சிகள் முழுவதும் நின்றன. அதன் பிறகு 198இல் வந்தது பண்பலையில் வருவதன் நகல்தான்.

நீர்மூழ்கிக் கப்பல் கதை ஒன்று சொல்கிறார்களே?

பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் வெளி உலகத்தோடு தொடர்பு அறுந்துபோனால், நாடு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் செய்யும் சோதனைகளில் ஒன்று, ரேடியோ 4 வருகிறதா என்று கேட்பது. வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னெசி இதைப் பதிவு செய்திருக்கிறார். காலைச் செய்தி நிகழ்ச்சி சில நாட்களாக வரவில்லை என்றால் லண்டன் இல்லை என்று பொருள் கொள்வார்களாம்.

பிரான்ஸில் பேச்சு நின்ற பிறகும் டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறதாமே?

ஆமாம். அலூயியில் 162 கிலோஹெர்ட்ஸில் பிரான்ஸ் அந்தேர் நிகழ்ச்சிகள் 2016 டிசம்பர் 31 நள்ளிரவோடு நின்றன. ஆனால் கேரியர் அலை நிற்கவில்லை. அணுக் கடிகாரத்தோடு இணைத்த நேரக் குறியீடு அதில் போய்க்கொண்டே இருக்கிறது. ரயில் நிலையங்களின் கடிகாரங்கள் உள்பட ஏராளமான கருவிகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. சக்தியைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மனிதர்களைவிடக் கடிகாரங்களுக்கு அதிக மதிப்புக் கிடைத்தது என்று அப்போது பிரெஞ்சு நேயர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. கேரியருக்கான செலவைச் செய்தபடியே, அதன் மேல் ஏறி வந்த குரலை மட்டும் இறக்கிவிட்டார்கள்.

டிஜிட்டலுக்கு மாற்றியிருக்கக் கூடாதா?

மாற்றலாம். டி.ஆர்.எம். என்ற முறை இதற்காகவே உருவானது. குறைந்த மின்சாரத்தில் தெளிவான ஒலி தரும். நம் ஆகாசவாணியே மத்திய அலையில் முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை அதற்கு ஏற்றபடி அமைத்திருக்கிறது. இங்கே விற்கும் சில கார்களில் அதற்கான ரிசீவரும் வருகிறது. ஐரோப்பாவில் மலிவான ரிசீவர் கடைக்கு வரவே இல்லை. ரிசீவர் இல்லாததால் நிலையம் இல்லை, நிலையம் இல்லாததால் ரிசீவர் இல்லை. அதற்குள் எல்லோரும் டி.ஏ.பி. என்ற வேறு வகை டிஜிட்டல் வானொலிக்கும் இணையத்துக்கும் போய்விட்டார்கள்.

அப்படியானால் மூடியது சரிதானே? இணையத்தில் எல்லாம் கேட்கிறதே?

கணக்குப் பிள்ளையின் பார்வையில் சரிதான். கேட்பவர்கள் சில ஆயிரமாகக் குறைந்த பிறகும் நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் யூனிட் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இணையத்தில் ஒரு வானொலியைக் கேட்க எத்தனை பேர் தயவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். செல்போன் நிறுவனம், டவர், டவருக்கு மின்சாரம், கடலடிக் கேபிள், சர்வர், ஆப். இதில் எது விழுந்தாலும் சத்தம் இல்லை. நெட்டலையில் நடுவில் யாருமே இல்லை. ஒரு முனையில் டிரான்ஸ்மிட்டர், மறுமுனையில் இரண்டு பேட்டரி போட்ட பெட்டி. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எவருக்கும் தெரியாது. மாதச் சந்தாவும் கிடையாது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், மார்ச்சில் பிபிசி உலக சேவை அங்கே தினமும் நான்கு மணி நேரம் சிற்றலையில் செய்தி ஒலிபரப்பத் தொடங்கியது. பழசு என்று ஒதுக்கிய முறையைத் தூசு தட்டி எடுத்தார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியபோது செல்போன் தொடர்பு பல இடங்களில் அறுந்தது. மக்கள் பேட்டரி ரேடியோ தேடிக் கடைக்கு ஓடினார்கள். தெருவில் ஒரு ரேடியோவைச் சுற்றி நின்று செய்தி கேட்டார்கள். அன்று அவர்கள் கேட்டது நெட்டலை இல்லைதான். ஆனாலும், நாட்டுக்கு ஒரு நெட்டலை நிலையத்தை ஜெனரேட்டரோடு தயாராக வைத்திருந்து, ஆண்டுக்குச் சில நாள் ஓட்டிச் சரிபார்ப்பது பாதுகாப்புச் செலவில் ஒரு துளி. மூடுவதில் எனக்குச் சம்மதம் உண்டு. கோபுரத்தை உடனே வெடி வைத்துச் சாய்ப்பதில் இல்லை. சாய்த்ததைத் திரும்பக் கட்டுவது எவ்வளவு கடினம் என்று போலந்தைக் கேட்டால் தெரியும்.

இன்னும் எங்கெல்லாம் வருகிறது?

போலந்தின் 225, ருமேனியாவில் போத் என்ற ஊரிலிருந்து கிராமங்களுக்கான அந்தேனா சத்தேலோர் வரும் 153, அல்ஜீரியாவின் 252, மங்கோலியாவின் 164. பெரிய பெயர்கள் இவைதான். மங்கோலியாவில் ஆடு மாடுகளோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் மேய்ப்பர்களுக்குப் புல்வெளியின் எந்த மூலையிலும் கேட்கும் அலை இது.

சென்னையில் உட்கார்ந்து இதைக் கேட்க முடியுமா?

நேரடியாக, உங்கள் செட்டில் கேட்பது என்றால் அசாதாரணமான அதிர்ஷ்டம் வேண்டும். ஆனால் நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. வெப் எஸ்.டி.ஆர். என்று தேடினால் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் திருப்பலாம்.

அலைவரிசைப் பெட்டியில் 225 என்று போட்டு, ஏ.எம். என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் நடுவே ஒரு பளிச்சென்ற கோடு தெரியும், அதுதான் கேரியர். அதன் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதுதான் குரல். போலந்து மொழியில் செய்தியோ பேச்சோ வரும். இங்கே மாலை, இரவு ஆகும் நேரம் பார்த்துக் கேளுங்கள். அடுத்து 162க்குப் போங்கள். ஏ.எம்.மில் வைத்தால் ஒன்றும் கேட்காது. கோடு மட்டும் தடியாக நிற்கும். யு.எஸ்.பி. எனப்படும் மேல் பக்கப்பட்டை முறைக்கு மாற்றி அலைவரிசையைச் சற்றே கீழே தள்ளினால் சீரான விசில் வரும், அதில் வினாடிக்கு ஒருமுறை ஒரு சிலிர்ப்பு. ஒவ்வொரு நிமிடமும் 59ஆம் வினாடியில் அந்த நேரத் துடிப்பு வராது. அதை வைத்துத்தான் கடிகாரங்கள் அடுத்த நிமிடம் பிறப்பதைத் தெரிந்துகொள்கின்றன.

இவ்வளவு தாழ்ந்த அலைவரிசைக்கு இனி வேலையே இல்லையா?

நிறைய வேலை இருக்கிறது; அதில் பாட்டு வராது, அவ்வளவே. ஜெர்மனியில் மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் நேரக் குறியீடு ஐரோப்பா முழுக்க சுவர்க்கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. இன்னும் கீழே போனால் நம் ஊருக்கே வந்துவிடலாம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதுதான் அதன் பணி. நெட்டலையைவிடப் பல மடங்கு நீளமான மீதாழ் அலைகள் அவை. கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கிச் செல்லக்கூடியவை. அங்கே நிற்கும் 471 மீட்டர்க் கோபுரங்கள் இந்தியாவிலேயே மிக உயரமான கட்டமைப்புகள். நாங்குநேரிப் பக்கம் போகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார்கள்.

வீட்டில் எல்.டபிள்யூ. உள்ள பழைய ரேடியோ இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். டிரான்சிஸ்டர் செட் என்றால் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். கருப்பு நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ஃபெரைட் கம்பியும் அதன் மேல் இரண்டு செப்புச் சுருள்களும் இருக்கும். அதிகச் சுற்றுகள் கொண்டது நெட்டலைக்கு, மற்றது மத்திய அலைக்கு. மத்திய அலைப் பக்கம் இன்னும் வேலைக்கு ஆகும். எல்.டபிள்யூ. பக்கத்தையும் முயன்று பார்க்கலாம். பக்கத்தில் விமான நிலையம் இருந்து, அதன் பீக்கன் உங்கள் செட்டின் எல்லைக்குள் வந்தால், இரவில் இரண்டு மூன்று எழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் திரும்பத் திரும்ப ஒலிப்பது கேட்கும். எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிட்டு, பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு.

வால்வு செட் என்றால் மட்டும் ஆர்வத்தில் உடனே பிளக்கைச் சொருக வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த பழைய கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆகி மெயின் டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, அவற்றை மாற்றிய பிறகு கரண்ட் கொடுங்கள்.